மிச்சக் கரண்டில் போட்ட டீ

எங்கள் தெருப் பிள்ளைகள் மழைக்காலம் முழுக்க வார்னிஷ் வாசனையோடுதான் பள்ளிக்கூடம் போனார்கள். குன்னூரில் ஜூன் மாதம் துவைத்துப் போட்ட சட்டை எப்போது காயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகை வாசனையோடு போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஈரத்தோடு போட்டுக்கொண்டு தும்முகிறவர்களும் உண்டு. எங்கள் தெருவில் மட்டும் வார்னிஷ். அதற்குக் காரணம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அக்கா.

கீழ் பஜாரிலிருந்து இறங்கும் படிக்கட்டில் அவருடைய கடை இருந்தது. எரிந்துபோன மோட்டார்களில் பழைய கம்பியை உருவி எடுத்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, உள்ளே பெரிய பெரிய பல்பு எரியும் ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் காயவிடுவார். அந்தப் பெட்டியின் மூடியிலிருந்து சூடு வீணாய்க் கிளம்பிக் கூரைக்குப் போவதைக் கவனித்த அன்றைக்கே, மேலே நாலு வரிசை கம்பி கட்டி, காயாத துணி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று தெருவுக்கே சொல்லி அனுப்பிவிட்டார். துணி காய்ந்தது. வாசனை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு டீச்சர் சொன்னதாகக் கேள்வி.

"சும்மா போகுதுங்களே" என்பதுதான் அவர் அதிகம் சொன்ன வார்த்தை. இட்லிப் பானையின் ஆவி, ஒழுகும் குழாய், ஸ்டாண்டில் ஆள் ஏறும்வரை உறுமிக்கொண்டு நிற்கும் பஸ், எல்லாவற்றுக்கும் அதே வார்த்தை, அதே வருத்தம். பஸ் டிரைவரிடம் நேராகவே போய் இன்ஜினை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கடை ஸ்டூலில் உட்கார்ந்து நான் ஊர்க்கதை பேச ஆரம்பித்தால், ஐந்தாவது நிமிஷம் என் கையில் ஒரு பிளேடும் கொஞ்சம் கம்பியும் வந்துவிடும். கம்பி நுனியின் மேல்பூச்சைச் சுரண்ட வேண்டும். வாய் வேலை செய்யும்போது கை ஏன் சும்மா இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. ஆளில்லாத இடத்தில் எரியும் விளக்கைக் கண்டால் அவர் கை தானாகப் போய் அணைத்துவிடும். யார் வீடு, யார் விளக்கு என்ற கேள்வியே கிடையாது. பாங்கில் அணைத்திருக்கிறார், டாக்டர் வீட்டு வராந்தாவில் அணைத்திருக்கிறார். ஒரு கல்யாண மண்டபத்தில் கதவு சாத்தியிருந்த அறைக்கு வெளியே சுவிட்சு இருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று நினைத்து அணைத்துவிட்டார். உள்ளே பெண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண் மணவறைக்கு வரும்போது வலது கண் மை காது வரைக்கும் போயிருந்தது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, பெண்ணின் கண் எத்தனை நீளம் என்று வியந்துகொண்டிருந்தார்.

நான் அப்போது ஒரு தேயிலை ஃபாக்டரியில் குமாஸ்தா. குமாஸ்தா என்று பேர்தானே தவிர வேலை இல்லை. தேயிலை விலை தரையில் கிடந்த வருஷங்கள் அவை. பச்சை இலையைப் பறித்து விற்பதைவிடச் செடியிலேயே விடுவது மேல் என்று தோட்டக்காரர்கள் விட்டுவிட்டார்கள். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. எங்கள் ஃபாக்டரியை மூடி, மின் இணைப்பையும் எடுத்துவிட்டார்கள். நானும் வாட்ச்மேனும் மட்டும் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஃபாக்டரி ஓடினால்தானே மோட்டார் எரியும். அக்காவுக்கு மிக்சிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. வெலிங்டனில் வேலை பார்த்த கணவர் தவறிப்போன பிறகு அவர் தனி ஆள். சூலூரில் அண்ணன் இருந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்துவிடு என்று மாதம் இரண்டு முறை ஆள் மூலம் சொல்லி அனுப்புவார். அக்கா சின்ன வயதில் கோயமுத்தூரில் பம்புசெட்டு மோட்டாரில் கைபழகியவர்தான், ஆனால் திரும்பிப் போக மனசே இல்லை. கேட்டால், "அங்க போனா வேர்த்து வேர்த்தே ஒடம்புத் தண்ணி பூரா சும்மா போயிருமுங்க" என்று சிரிப்பார். ஒரே ஒரு முறை சிரிக்காமல் சொன்னார், இந்த ஊரைவிட்டுப் போனால் தான் யாரோ ஆகிவிடுவோம் என்று. அன்று நான் தலை நிமிராமல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் நந்திதா வந்து சேர்ந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டரில் படமும் இசையும் செய்கிற கூட்டத்தைச் சேர்ந்த பெண். தமிழ் நன்றாகவே பேசினாள். மூடிக் கிடக்கும் ஒரு தேயிலை ஃபாக்டரியில் இரண்டு நாள் கலைவிழா நடத்த வேண்டுமாம். படங்கள் சுவரில் ஓடும், கம்ப்யூட்டரும் மேளமும் சேர்ந்து பாடும். ஒரே ஒரு நிபந்தனை. இருக்கிறதை வைத்து எப்படி வாழ்வது என்று யோசிக்கிற விழா என்பதால், வெளியிலிருந்து கரண்டு வாங்கக் கூடாது, ஜெனரேட்டரும் கூடாது. அந்த இடத்தில் என்ன கிடைக்கிறதோ அதிலேயே எல்லாம் நடக்க வேண்டும்.

எங்கள் முதலாளிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. இங்கே என்ன கிடைக்கும், பனியும் அட்டைப்பூச்சியும்தான் கிடைக்கும் என்றார். நான்தான் சக்கரத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். ஃபாக்டரிக்குக் கீழே பர்லியார் பக்கம் இறங்கும் ஓடையில், வெள்ளைக்காரன் காலத்து இரும்புச் சக்கரம் ஒன்று இருந்தது. மேலேயிருந்து குழாயில் வரும் தண்ணீர் அடித்தால் சுற்றும், சுற்றினால் கூடவே இருக்கும் டைனமோ கரண்டு தரும். டைனமோ எரிந்துபோய்ப் பல வருஷம். முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போடுவதென்று முடிவுசெய்து, மேட்டுப்பாளையத்து வியாபாரியையும் வரச் சொல்லியிருந்தார். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன வருசமா இது சும்மாவா போகுது" என்று கேட்டார். ஒரு சாவு வீட்டில் கேட்கிற குரல்.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் வாக்குக் கொடுக்கும்போது கறாராகக் கொடுப்பார். அக்காவிடம் நேராகச் சொன்னார். விழா நடக்கிற இரண்டு நாளும் சக்கரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் அதை விற்கமாட்டேன், ஃபாக்டரிக்கும் கீழே இருக்கும் தொழிலாளர் லைன் வீடுகளுக்கும் அந்தக் கரண்டையே எடுத்துக்கொள்வேன், பார்த்துக்கொள்ள உங்களையே வைத்துக்கொள்கிறேன். ஒரு முறை நின்றாலும் திங்கட்கிழமை இரும்பு வியாபாரியின் லாரி வரும். அக்கா தலையாட்டினார். வெளியே வந்து என்னிடம், சூலூருக்கு இந்த மாதம் பதில் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

டைனமோவை அவிழ்த்துக் காயில் கட்டப் பதினோரு நாள் ஆயிற்று. சோதனை ஓட்டத்தன்று ஃபாக்டரியில் மூன்று வரிசை பல்பு மாட்டி, கீழே வால்வைத் திறந்தோம். பல்புகள் முதலில் சிவந்து, பிறகு வெளுத்து, ஒழுங்காக எரிந்தன. வாட்ச்மேன் கை தட்டினார். அக்காவும் கண் கலங்கத்தான் நின்றார். ஆனால் அந்தக் கண்ணில் கடைசி வரிசை பல்பு பட்டுவிட்டது. அதன் அடியில் யாரும் இல்லை. கை போய் அணைத்துவிட்டது. மற்ற இரண்டு வரிசையும் பளீரென்று ஏறி, பட் பட் என்று மூன்று பல்பு வெடித்தன.

சுமை குறைந்ததும் சக்கரம் வேகம் பிடித்துவிட்டது. தண்ணீர் அதே தண்ணீர், அதன் வலு எங்காவது போயாக வேண்டுமே. முன்காலத்தில் வால்வுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் நின்று, மேலேயிருந்து மணியடிக்க அடிக்கத் திருகிக்கொண்டே இருப்பாராம். வாழ்நாள் முழுக்க விளக்கணைத்து வந்தவருக்கு, அணைத்தால் கெட்டுவிடும் என்று சொல்கிற ஒரு யந்திரம். அன்று சாயங்காலம் கடையில் அவர் எனக்குப் பிளேடு கொடுக்க மறந்துபோனார்.

மறுநாள் காலையில் ஆறு வெந்நீர்க் கம்பிகளோடு வந்தார். பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் காய்ச்சுவோமே, அந்தக் கம்பிதான், கொஞ்சம் பெரிசு.

"கரண்ட டிரம்முல புடிச்சு வெக்க முடியாதுங்க தம்பி. வர்றப்பவே செலவு பண்ணிப்போடோணும்" என்றார். "பாட்டுக்குப் போக மிச்சம் இருக்கறது வெந்நித் தண்ணிக்குப் போகட்டும். வெந்நித் தண்ணி இருந்தா டீ ஆச்சுங்களே."

இதுதான் ஏற்பாடு. மேடைக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் ஆறு சுவிட்சு, நடுவில் முள் ஆடும் ஒரு மீட்டர். ஆறு கம்பியும் இரண்டு பெரிய அண்டாவில் கிடக்கும். பாட்டு உரத்து ஒலித்தால் கரண்டு அங்கே போகும், முள் இறங்கும், அக்கா சுவிட்சைத் தட்டிக் கம்பிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவார். பாட்டு அடங்கினால் முள் ஏறும், கம்பிகளைப் போடுவார். சக்கரத்துக்கு மட்டும் எப்போதும் ஒரே சுமை. டீத்தூளுக்குப் பஞ்சமே இல்லை, விற்காமல் மூட்டை மூட்டையாய்க் கிடந்தது.

இதற்காக அவர் ஒத்திகை முழுக்க உட்கார வேண்டியிருந்தது. பாட்டு எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் கை போகும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். எத்தனை கம்பியை நிறுத்த வேண்டுமோ அந்தக் கணக்கில் பாட்டுகளுக்கு அவர் வைத்த பெயர்கள் ஒருகம்பிப் பாட்டு, மூணுகம்பிப் பாட்டு, ஆறுகம்பிப் பாட்டு. இரண்டே நாளில் பெங்களூர்ப் பிள்ளைகளும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் எங்கள் ஃபாக்டரி இலை உருட்டும் யந்திரத்தைக் கையால் சுற்றவைத்து, அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தாளமாக்கியிருந்தான். எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். அக்கா கேட்டுவிட்டு, அந்த மிசினுக்கு பேரிங் போயிருக்கிறது, உடனே பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பையன் அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

ஒரு முன்னெச்சரிக்கையும் செய்தார். தன் கையை நம்பாமல், கட்டடத்திலிருந்த ஒவ்வொரு சுவிட்சின் மேலும் தானே கறுப்பு டேப் ஒட்டிவைத்தார். அது மற்றவர்களுக்காக என்று நந்திதா நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் கூட்டம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தது. ஊட்டியிலிருந்து, வெலிங்டனிலிருந்து, லைன் வீடுகளிலிருந்து, கீழே மேட்டுப்பாளையத்திலிருந்துகூட வந்தார்கள். சாயங்காலம் காட்டெருமை இறங்கிவிடும் என்பதால் காலை பத்திலிருந்து நாலு மணிவரைதான் நிகழ்ச்சி. பாட்டுக்கும் டீக்கும் உள்ள சம்பந்தம் அரை மணி நேரத்தில் கூட்டத்துக்கு விளங்கிவிட்டது. ஆறுகம்பிப் பாட்டு நீண்டுகொண்டே போனால் அண்டா ஆறிவிடும். குளிரில் நின்றிருந்த லைன் வீட்டுப் பெண்கள், தம்பி கொஞ்சம் மெதுவா வாசிங்க என்று மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். வாசித்தவன் சிரித்துக்கொண்டே சத்தத்தை இறக்கினான், தண்ணீர் கொதித்தது, எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு கச்சேரியில் மெதுவாக வாசித்ததற்கு அப்படிக் கைதட்டல் விழுந்து நான் கேட்டதில்லை. அக்கா பலகை முன்னால் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் மீட்டரிலும் காது மேடையிலுமாக, இரண்டு கையாலும் சுவிட்சுகளை வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு நாற்காலி மேடையிலேயே போட்டிருக்கலாம்.

இரண்டாம் நாள் மத்தியானம் முதலாளி வந்தார். கம்பளித் தொப்பி, கோட்டு, கையில் டீ. இன்னும் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். இடைவேளை விட்டிருந்தார்கள், ஆறு கம்பியின் சுவிட்சும் போட்டிருந்தது. அக்கா காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் ஐந்து நிமிஷம் பலகையில் உட்கார்கிறேன், நீங்கள் போய்க் கைகால் நீட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அனுப்பியது நான்தான். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவர் மாடிக்குப் போனார். இலை வாடப்போடும் நீண்ட கூடம் அது. அங்கே ஆறு ப்ரொஜெக்டர் வைத்து, பச்சை இலை மெல்ல மெல்ல வாடுவதைக் காலித் தட்டுகள் மேலேயே படமாக விட்டிருந்தார்கள். அழகான வேலை. ஆனால் கூட்டம் முழுக்க டீக்குக் கீழே வந்துவிட்டதால், அத்தனை பெரிய கூடத்தில் ஆறு விளக்கும் யாருமில்லாமல் எரிந்துகொண்டிருந்தன. பிறகு அக்காவே எனக்குச் சொன்னார். சுவிட்சு மேலே டேப் இருந்தது அவருக்குத் தெரிந்ததாம். வீணாகாமல் அதை நிதானமாக உரித்து, முழங்கையில் ஒட்டிக்கொண்டு, அதன் பிறகு அணைத்தாராம்.

என் முன்னால் முள் துள்ளியது. போடுவதற்குக் கம்பி இல்லை, ஆறும் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தன. விளக்குகள் வெளுத்தன, ஓடையிலிருந்து சக்கரத்தின் முனகல் ஏறிக்கொண்டே வந்தது.  மாடியில் அக்கா மறுபடி சுவிட்சைப் போட்டிருக்கிறார். ஆனால் அந்த ப்ரொஜெக்டர் விளக்கு ஒரு முறை அணைந்தால் சூடு ஆறின பிறகுதான் மறுபடி எரியும். ஜன்னலைத் திறந்து மேடைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். அந்தக் குரல் அவருடையது என்றே எனக்குத் தெரியவில்லை.

"சாமிகளா, சும்மா நிக்காதீங்க. ஆறுகம்பிப் பாட்டு வாசிங்க. எவ்வளவு சத்தம் முடியுமோ அவ்வளவு போடுங்க. நான் வால்வுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

பிள்ளைகள் டீ டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஏறினார்கள். அன்றைக்கு அவர்கள் வாசித்ததைப் பாட்டு என்று சொல்லலாமா தெரியவில்லை. இருந்த ஸ்பீக்கர் எல்லாம் முழுச் சத்தத்தில் அலறின, மேளக்காரன் நின்றுகொண்டே அடித்தான், யந்திரச் சத்தத்துப் பையன் பேரிங் போன மிசினின் சத்தத்தை உச்சத்தில் விட்டான். நந்திதா தலைமுடி உலர்த்தும் மிசினைச் செருகித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். வாட்ச்மேன் ஒரு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து செருகி, சூடாக்குவதோடு நிற்காமல் தன் தொப்பியைத் தேய்க்கவும் ஆரம்பித்துவிட்டார். கரண்டைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று காட்ட வந்த விழாவில், இருந்த அத்தனை பேரும் கரண்டைச் செலவழிப்பதற்காக உயிரைவிட்டார்கள். விஷயம் தெரியாத கூட்டம் ஆட ஆரம்பித்துவிட்டது. லைன் வீட்டுப் பெண்கள் கைகோத்துச் சுற்றினார்கள். முள் நடுங்கியது, ஆனால் மேலே போகவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேயிலைச் செடிக்குள் இறங்கி ஓடியதை நான் மட்டும் பார்த்தேன். ஓடைக்கு நூறு படிக்கட்டுக்கு மேல் இருக்கும். அத்தனை வருஷத்தில் அவருக்காக நான் அவ்வளவு பயந்ததில்லை. பத்து நிமிஷம் கழித்து முள் மெதுவாக இறங்கி, தன் இடத்தில் நின்றது. இரண்டு பல்புதான் போயிருந்தது. சக்கரம் நிற்கவில்லை.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்ததும் முதலாளி பலகைக்கு வந்தார். அக்கா சேறு காயாத காலோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளில் தனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பத்து நிமிஷம்தான் என்றார் முதலாளி. விளக்கெல்லாம் பளீரென்று ஏறியதே, அது எப்படிச் செய்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். அதுவும் நிகழ்ச்சிதான் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அக்கா முந்திக்கொண்டார்.

"நிகழ்ச்சி இல்லீங்க. நாந்தான் மாடியில அணைச்சுப்போட்டேன். ஆள் இல்லாம எரிஞ்சுதுங்க, கை போயிருச்சு. இன்னுங் கொஞ்சம் உட்டிருந்தா மொத்தமும் போயிருக்குமுங்க."

முதலாளி டம்ளரைப் பலகை மேல் வைத்தார்.  சூலூர் பஸ்ஸில் தகரப் பெட்டியோடு அக்கா உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேவிட்டேன். அக்கா தலை குனியவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரம் நின்னுச்சா?" என்று கேட்டார் முதலாளி.

"இல்லீங்க."

"அப்ப திங்கட்கிழமையிலிருந்து நீங்கதான் பாத்துக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆபீஸ்ல உனக்கு என்ன வேலை?"

ஒன்றும் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்ல வழி தேடிக்கொண்டிருந்தேன்.

"இந்தம்மா பக்கத்துலயே இரு. எங்கயாவது விளக்கு எரிஞ்சு, பக்கத்துல ஆளும் இல்லேன்னா, உடனே இவங்க கையைப் பிடிச்சுக்கோ."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார், பிறகு அது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் போயிற்று. நானும் அப்படித்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். தேயிலைக்கு விலை திரும்பி, ஃபாக்டரி மறுபடி ஓடி, கோயமுத்தூரில் எனக்கு வேறு வேலை கிடைக்கும்வரை நாலு வருஷம் அந்த உத்தியோகம் பார்த்தேன். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறையாவது கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் விடைபெற்ற அன்று சக்கரத்தடியில் நின்று, எனக்குப் பதிலாக ஆள் வேண்டாம், இப்போது பழகிவிட்டது என்றார் அக்கா. படியேறி மேலே வந்து திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கை வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.